வாவியின் எண்கள் எங்கிருந்து வருகின்றன

வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற கேள்வி மட்டக்களப்பில் மாரிதோறும் எழுகிறது. வடகீழ்ப் பருவமழை தொடங்கி, உன்னிச்சை, நவகிரி போன்ற மேற்குக் குளங்கள் நிரம்பி வான் பாயத் தொடங்கியதும் அந்த நீரெல்லாம் வாவிக்குள் வந்து சேர்கிறது. வாவி கடலோடு கலக்கும் பாலமீன்மடுவிலோ கோடை முழுவதும் அலைகள் குவித்த மணல்திட்டு வாயை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் தாழ்ந்த வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வெள்ளாமை மூழ்கத் தொடங்கும்போது விவசாயிகள் உடனே வெட்டச் சொல்கிறார்கள். மீன்பிடிப்பவர்களின் கணக்கு வேறு. வாய் திறந்தால் இறால் குஞ்சுகளும் கடல் மீன்களும் உள்ளே வரும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால் நேரம் தவறித் திறந்தால் நீர் ஒரேயடியாக வடிந்து, வலை போடும் இடங்களில் ஆழம் இல்லாமற் போய்விடும் என்பதையும் அறிவார்கள். இன்ன நாளில் இவ்வளவு அகலத்துக்கு வெட்டினால் நீர்மட்டம் எத்தனை நாளில் எவ்வளவு இறங்கும், உவர்நீர் எவ்வளவு தூரம் உட்புகும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு கணிப்பை உருவாக்குவதுதான் என் கலாநிதிப் பட்ட ஆய்வு.

பௌதிகவியல் படித்துவிட்டு இதற்குள் வந்தேன். மேற்பார்வையாளர்கள் இருவர், ஒருவர் நீரியல் துறையைச் சேர்ந்தவர், மற்றவர் கணினி விஞ்ஞானத் துறையைச் சேர்ந்தவர். இரண்டு விஞ்ஞானங்களுக்கும் இடையில் நின்று ஆய்வு செய்ய விரும்பும் இளையவர்கள் இப்போது என்னிடம் அடிக்கடி கேட்பது, எந்த நிரல்மொழியைப் படிக்க வேண்டும், எந்த இயந்திரக் கற்றல் முறையைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை எளிது. பைத்தனை ஒரு வருடத்துக்குள் போதுமான அளவு கற்றுக்கொள்ளலாம். நான் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது வேறொன்று. இத்தகைய ஆய்வில் கணினிப் பகுதியின் பெறுமதி, அதற்குள் செல்லும் ஒவ்வோர் எண்ணும் இயற்கையிலிருந்து எப்படி வந்தது என்பதை ஆய்வாளர் எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறார் என்பதிலேயே தங்கியிருக்கிறது. எஞ்சியதை மென்பொருள் செய்துவிடும்.

2024ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசை இதற்கு எதிரான சான்றாகச் சிலர் காட்டுகிறார்கள். அந்தப் பரிசின் ஒரு பாதி டேவிட் பேக்கருக்கும், மறு பாதி புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் அல்ஃபாஃபோல்ட் என்ற நிரலை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. புரதங்கள் எவ்வாறு மடிகின்றன என்பதை ஆய்வுகூடத்துக்குள் காலடி வைக்காமலே கணினி கண்டுபிடித்துவிட்டதுபோல அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேர்ந்தது. உண்மையில் அந்தக் கணினி கற்றது 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியிலிருந்து. அங்கே சேர்ந்திருந்த ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டமைப்புகளை ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது வருட காலமாகப் பளிங்குகளை வளர்த்தும், எக்ஸ் கதிர் பாய்ச்சியும், அணுக்கருக் காந்தப் பரிவாலும், பிற்காலத்தில் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியாலும் கண்டறிந்தார்கள். அவர்களில் பலர் கலாநிதிப் பட்ட மாணவர்கள். ஒரேயொரு புரதத்தின் வடிவத்துக்காக வருடக்கணக்கில் உழைத்தவர்களும் உண்டு. அளவிட்டவர், அளவிட்ட முறை, எவ்வளவு நுணுக்கமாக அளவிடப்பட்டது என்ற விபரம் எல்லாம் ஒவ்வொரு பதிவோடும் இருந்தன. நமது வாவிக்கு அப்படியொரு வங்கி இல்லை. இங்கே கணினி விஞ்ஞானத்தை மட்டும் நம்பித் தொடங்கும் மாணவர் முதல் வருடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான்.

சமன்பாடுகளில் குறை இல்லாதபோதும் கணிப்பு முற்றாகத் தவறலாம் என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் படித்த உதாரணம் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனுடையது. முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் நோயாளர் காவு வண்டிப் பிரிவில் பணியாற்றிக்கொண்டே, 1910 மே 20ஆம் திகதிக்குரிய ஆறு மணிநேர வானிலை மாற்றத்தை அவர் கையால் கணித்துப் பார்த்தார். மத்திய ஐரோப்பாவின் ஓரிடத்தில் வளிமண்டல அமுக்கம் 145 ஹெக்டோபஸ்கால் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அமுக்கம் ஏறத்தாழ மாறவே இல்லை. இந்தத் தோல்வியை அவர் மறைக்கவில்லை, 1922இல் வெளியிட்ட நூலில் முழு விபரத்தோடு அச்சிட்டார். பல தசாப்தங்களுக்குப் பின் பீற்றர் லிஞ்ச் என்ற ஐரிஷ் வானிலை அறிஞர் அதே கணக்கை மீண்டும் செய்து, தொடக்கத் தரவுகளில் காற்றும் அமுக்கமும் ஒன்றுக்கொன்று இசையாதிருந்ததைச் சீர்செய்தால் அதே முறை நியாயமான விடையைத் தருகிறது என்று காட்டினார். குறை முழுவதும் தொடக்க எண்களில் இருந்தது. எல்லாவற்றையும் எழுதிவைத்து ரிச்சர்ட்சன் வெளியிட்டிருக்காவிட்டால் லிஞ்ச் அதைக் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. ஓர் ஆய்வேடு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

வாவியின் நீரோட்டத்தைக் கணிக்கும் சமன்பாடுகள் அதைவிடப் பழையவை. ஒற்றைப் பரிமாண வடிவத்தைச் சான் வெனான் 1871இல் எழுதினார். அவற்றைக் கணினியில் தீர்க்க வாவியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். கட்டத்தின் அளவு தன்னிச்சையாக எடுக்கும் முடிவு அல்ல. இரண்டு மீற்றர் ஆழமுள்ள நீரில் ஓர் அலை செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர் வேகத்தில் பரவும். கட்டம் 50 மீற்றர் அகலம் என்றால், ஒவ்வொரு படியையும் முந்தைய படியின் எண்களிலிருந்தே நேரடியாகக் கணிக்கும் வழக்கமான வெளிப்படைத் தீர்வுமுறையில் கணிப்பின் ஒவ்வொரு காலப்படியும் சுமார் 11 செக்கனுக்குள் அடங்க வேண்டும். மீறினால் விடை வெடித்துச் சிதறும். குரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் 1928இல் நிறுவிய நிபந்தனை இது. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும், காலப்படிகள் இரு மடங்காகும், வேலை எட்டு மடங்காகும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்கு இது கணினியின் பல இரவுகளைக் கேட்கிறது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களும் உண்டு. அப்போதுதான், இடைநிலையைச் சேமித்து விட்ட இடத்திலிருந்து தொடரும்படி நிரல் எழுதும் பழக்கம் என்னிடம் நிலைபெற்றது. படகுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காததால் அளவீட்டில் விழுந்த இடைவெளியை நிரப்ப அப்படியொரு வழி இல்லை. கணக்கை மறுபடி ஓட்டலாம், போன மாதத்து நீரை மறுபடி அளக்க முடியாது.

செய்மதிப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெள்ள ஆய்வில் இறங்கும் மாணவர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அவற்றில்தான். வெள்ளம் வரும் நாட்களில் வானம் முகிலால் மூடியிருப்பதால் சாதாரண ஒளிப்படச் செய்மதிகள் இங்கு உதவுவதில்லை. 2014 ஏப்ரலில் ஐரோப்பியர்கள் ஏவிய சென்டினல்-1 ரேடார் செய்மதி முகிலை ஊடுருவிப் பார்க்கும். அதன் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். அசைவற்ற நீர்ப்பரப்பு ரேடார் அலையை மறுபக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். கறுப்பையெல்லாம் வெள்ளம் என்று எண்ணும்படி நிரல் எழுதினால், ஒரு பிற்பகலில் அழகான வெள்ள வரைபடம் கிடைத்துவிடும். அந்த வரைபடத்தைப் படுவான்கரை விவசாயி ஒருவரிடம் காட்டினால் அவர் உடனே மறுப்பார்.

பெரும்போக விதைப்புக்காக வயலை உழுது, வரம்புகளைக் கட்டி, சேற்று விதைப்புக்குத் தண்ணீர் நிறுத்தி வைத்திருக்கும்போது அந்த வட்டை முழுவதும் ரேடாருக்குக் கறுப்பாகத்தான் தெரியும். அது வெள்ளமல்ல, விவசாயி விரும்பி நிறுத்திய நீர். உலர்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்த வட்டை பக்கத்திலேயே வெளிச்சமாகத் தெரியும். பயிர் வளர்ந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது: மூழ்கிய வயலில் நீருக்கு மேல் நிற்கும் நெற்தாள்களில் ரேடார் அலை பட்டுத் தெறிப்பதால், வெள்ளம் நிற்கும் இடம் வழக்கத்தைவிட வெளிச்சமாகக்கூடத் தெரியலாம். கிட்டங்கிப் பாலத்தடியில் போல ஆற்றுவாழை நீரை மூடிக் கிடக்கும் இடங்களும் தரைபோலவே தோன்றும். வாடைக்காற்று வாவியில் அலை கிளப்பும் நாளில் வாவியின் நடுப்பகுதியே நீரல்ல என்று நிரல் முடிவு செய்யும். எந்த வட்டையில் எந்த வாரம் விதைத்தார்கள், குளத்திலிருந்து எப்போது தண்ணீர் திறந்தார்கள் என்ற நாட்காட்டி இல்லாமல் இந்தப் படங்களை வாசிக்க இயலாது. அந்த நாட்காட்டி எந்தச் செய்மதியிலும் இல்லை. விவசாயக் குழுக் கூட்டங்களிலும், வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானைமாரின் நினைவிலும், சிலரது கொப்பிகளிலும் இருக்கிறது. என் குடும்பம் வெள்ளாமை செய்யும் குடும்பம் என்பதால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதை ஓர் அனுகூலமாகவே கருதுகிறேன், இங்குள்ள மாணவர்கள் பலருக்கும் இது உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பெரிய ஆய்வுகூடங்களில் இருப்பவர்களுக்கு நம்மைவிட வேகமான கணினிகள் இருக்கும். எந்த வட்டையில் எந்தத் திகதியில் நீர் நிறுத்தினார்கள் என்று கேட்டறிய அவர்களுக்கு ஆள் இல்லை.

நில உயரத் தரவுகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று பதினொரு நாட்களில் உலகின் பெரும்பகுதியை அளந்து தந்த உயர வரைபடத்தை ஆய்வாளர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். மலைநாட்டில் அது நன்றாக வேலை செய்யும். மட்டக்களப்பிலோ அரை மீற்றர் உயர வேறுபாடு ஒரு வட்டை மூழ்குமா தப்புமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த வரைபடத்தின் வழு பல மீற்றர் வரை போகலாம், தென்னந்தோப்பு இருக்கும் இடத்தில் நிலத்தின் உயரத்தோடு மரங்களின் உயரமும் ஓரளவு சேர்ந்துவிடுகிறது. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் தோப்புகள் கணினியில் மேடுகளாக நின்று இல்லாத இடத்தில் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும். மட்டம் பார்க்கும் கருவியோடு வரம்புகளிலும் வீதியோரங்களிலும் நடந்து உயரங்களைத் திருத்தினேன். மெதுவான வேலை, ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரிக்குமேல் இடம் பெறாது.

உவர்ப்பை நேரடியாக அளப்பதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதிலிருந்து உவர்ப்பைக் கணிக்கிறோம். மின்கடத்துதிறன் வெப்பநிலையோடு ஏறும், பாகைக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம். ஆகவே 30 பாகையில் அளந்த ஓர் எண்ணை 25 பாகைக்குத் திருத்தினார்களா இல்லையா என்று தெரியாவிட்டால், உவர்ப்பில் பத்து சதவீத அளவுக்கு ஐயம் தங்கிவிடும். ஓர் அலுவலகத்திலிருந்து கிடைத்த பழைய அட்டவணை ஒன்றில் பல வருடத்து மின்கடத்துதிறன் எண்கள் வரிசையாக இருந்தன. திருத்தம் செய்தார்களா என்ற குறிப்பும் இல்லை, அளந்த ஆழமும் இல்லை, நேரமும் இல்லை. உழைத்து அளந்தவர்களின் உழைப்பு ஒரு வரிக் குறிப்பு இல்லாததால் பயனற்றுப் போனது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தந்தது. அந்த அட்டவணையைக் கணிப்பில் சேர்க்காமல் விட்டேன்.

ஆழத்தின் முக்கியத்துவத்தைத் திரைமடுப் பக்கத்தில் தோணி வைத்திருக்கும் ஒரு முதியவர் எனக்குத் தெளிவாக்கினார். "மேல ஓடுறது மழைத்தண்ணி மகள், கடல்தண்ணி அடியில படுத்துக் கிடக்கு. தூண்டில அடிக்கு விட்டாத்தான் கடல் மீன் தட்டும்" என்றார். பௌதிகவியலில் இதற்கு எளிய விளக்கம் உண்டு. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட இரண்டரை சதவீதம்தான் அதிகம், எனினும் காற்று கலக்கிவிடாத நாட்களில் இரண்டும் தனித்தனிப் படைகளாக நிற்க அதுவே போதும். அதன்பின் ஒவ்வொரு நிலையத்திலும் மேற்பரப்புக்கு அருகிலும் அடியிலும் தனித்தனியாக அளக்கத் திட்டமிட்டேன், அவர் சொன்னபடியே எண்கள் வந்தன. இது வெறும் அளவீட்டு விபரம் அல்ல. எந்தக் கணிப்பு முறையை எடுப்பது என்பதையே இது தீர்மானித்தது. ஆழம் முழுவதையும் ஒரே சராசரியாகக் கொள்ளும் இருபரிமாண மாதிரியுருவால் இந்தப் படைகளைக் காணவே முடியாது. நீர்மட்டத்துக்கு அது போதும், உவர்ப்புக்கு முப்பரிமாணக் கணிப்பு வேண்டும். கணினித் துறை மேற்பார்வையாளர் வேகமான இருபரிமாணத்தை விரும்பினார். இரண்டு ஆழங்களின் எண்களையும் ஒரே வரைபில் காட்டியபோது அவரும் உடன்பட்டார்.

இயந்திரக் கற்றல் முறைகளுக்கு வருகிறேன். அவற்றை நான் பயன்படுத்துகிறேன், மதிக்கிறேன். ஆனால் அவை நன்றாக வேலை செய்கின்றன என்று காட்டும் சோதனைகளில் பல நம்பத்தக்கவையல்ல. தரவு வரிசைகளை எழுந்தமானமாகப் பிரித்து, ஒரு பகுதியில் பயிற்றுவித்து மற்றப் பகுதியில் சோதிப்பது வழக்கம். வாவியின் நீர்மட்டம் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் ஏறத்தாழ ஒன்றே. பத்து மணி எண் பயிற்சிக்குள்ளும் பதினொரு மணி எண் சோதனைக்குள்ளும் விழுந்தால், முறை எதையும் கற்காமலே பக்கத்து எண்ணைத் திருப்பிச் சொல்லி உயர்ந்த புள்ளி பெற்றுவிடும். இந்தக் கசிவு மருத்துவம் முதல் அரசியல் விஞ்ஞானம் வரை பல துறைகளின் கட்டுரைகளைப் பாதித்திருப்பதைச் சயாஷ் கபூரும் அர்விந்த் நாராயணனும் 2023இல் தொகுத்துக் காட்டினார்கள். நான் முழு மாரி ஒன்றைத் தனியே ஒதுக்கி, அதைப் பார்க்காத முறை அந்த மாரியை எப்படிக் கணிக்கிறது என்று சோதிக்கிறேன். புள்ளிகள் குறைகின்றன. குறைந்த புள்ளியே உண்மையான புள்ளி.

இன்னும் ஒரு வரம்பு உண்டு. லியோ பிரைமன் 2001இல் முன்வைத்த எழுந்தமானக் காடு என்ற, பல தீர்மான மரங்களின் விடைகளைச் சேர்த்துச் சராசரி காணும் முறை நீரியலில் மிகப் பரவலானது. அது தரும் விடை பயிற்சித் தரவுகளின் சராசரிகளால் ஆனது என்பதால், பயிற்சியில் கண்ட மிக உயர்ந்த நீர்மட்டத்தைவிட உயர்ந்த ஒன்றை அதனால் ஒருபோதும் சொல்ல இயலாது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூழ்கடித்த பெருவெள்ளம் சென்டினல்-1 ஏவப்படுவதற்கு முன்பே வந்து போய்விட்டது. அதன் ரேடார் படங்கள் அந்தத் தொகுப்பில் இல்லை. அத்தகைய வெள்ளம் மீண்டும் வந்தால், 2014க்குப் பிந்தைய தரவில் மட்டும் கற்ற முறை அதைச் சிறியதாகவே சொல்லும், மக்கள் அதை நம்பினால் உயிர்ச்சேதம் வரும். நீர் எங்கும் மறைந்துவிடாது, உள்ளே வந்தது வெளியேற வேண்டும் அல்லது மட்டம் உயர வேண்டும் என்ற திணிவுக் காப்பு விதிக்கோ அந்தத் தடை இல்லை. எனவே பௌதிகச் சமன்பாடுகளை அடிப்படையாக வைத்து, அவற்றால் பிடிக்க முடியாத ஒன்றை மட்டும், அதாவது வெட்டிய வாய் நாளுக்கு நாள் அரித்து அகலும் வேகத்தை மட்டும், தரவிலிருந்து கற்கும்படி கணிப்பை அமைத்திருக்கிறேன். இரண்டு விஞ்ஞானங்களையும் சேர்ப்பது என்றால் எனக்கு இதுதான் பொருள்.

இந்த வேலைக்கு நமது பல்கலைக்கழகங்களின் அமைப்பு அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தை வைத்திருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இந்த ஆய்வுக்குத் தேவையான அறிவு அனைத்தும் இருக்கிறது, ஆனால் வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு தேர்வுக் குழுக்களின் கீழ் இருக்கிறது. கணிப்பு முறையை ஓர் ஆய்வுப் பங்களிப்பாக ஏற்கத் தயங்காதவர்கள், கவனமாகத் திரட்டி ஆவணப்படுத்திய தரவுத் தொகுதியைப் பங்களிப்பாக ஏற்கத் தயங்குகிறார்கள். இது மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். இன்றைய மென்பொருள்கள் பத்து வருடத்தில் பழசாகிவிடும். ஆழமும் நேரமும் வெப்பநிலையும் கருவியின் அளவுத்திருத்தமும் குறித்துவைத்த வாவியின் எண்கள் பழசாகா.

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் அளவீடுகளைப் பற்றியது. அதைச் சுருக்கிப் பின்னிணைப்புக்குக் கொண்டுபோகலாம் என்ற ஆலோசனை வந்தது. அத்தியாயமாகவே இருக்க வேண்டும் என்று வாதாடி அனுமதி பெற்றேன். ஆய்வேட்டை ஒப்படைத்ததும் எண்கள் அனைத்தையும், அவற்றின் குறிப்புகளோடும் நிரல்களோடும், எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுவேன். பாலமீன்மடு முதல் மண்முனை வரையிலான பகுதி அதில் ஓரளவு நிறைவாக இருக்கிறது. அங்கிருந்து தெற்கே, வாவியின் மற்ற வாய் உள்ள கல்லாறு வரையும், அதற்கப்பால் கிட்டங்கிப் பக்கமாகவும் என் அளவீடுகள் மிகக் குறைவு. அந்தப் பகுதியைச் சம்மாந்துறையிலோ கல்முனையிலோ இருக்கும் ஒருவரால்தான் ஒழுங்காகச் செய்ய முடியும், ஏனெனில் மழை பெய்து ஓய்ந்த சில மணிநேரத்துக்குள் நீரில் இறங்க வேண்டியிருக்கும். அப்படி ஒருவர் முன்வந்தால் மின்கடத்துதிறன் மானியையும் அளவுத்திருத்தக் குறிப்பேட்டையும் கையோடு கொண்டுவந்து தருகிறேன். நவம்பர் மழைக்கு முன் இருவரும் சேர்ந்து நிலையங்களைத் தெரிவு செய்துகொள்ளலாம்.